கலர் ஏத்தாத நர்மதா

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் சொல்வது ஒன்றுதான். "கொஞ்சம் கலர் ஏத்திடுங்க." கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு வந்தாலும் இதே பாட்டுதான். செத்துப்போனவருக்குக் கூட கலர் ஏத்தச் சொல்வார்கள். போகிற இடத்தில் அவரை யார் பொண்ணு பார்க்கப் போகிறார்கள் என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். அதற்காக அத்தாவுல்லா பாய் என்னை இரண்டு நாள் கஸ்டமர் கண்ணில் படாமல் உள்ளேயே நிறுத்திவைத்தார்.

நான் ஜெரி. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் பாயின் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் பதினாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறேன். ஃப்ளெக்ஸ் சுருளைத் தோளில் தூக்கி மாட்டுவதும் மை நாற்றத்தை முகர்ந்துகொண்டு நிற்பதும்தான் என் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏசி இருக்கிறது. அந்த ஏசியில், சுழல் நாற்காலியில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைகிறவள் நர்மதா. அந்த நாற்காலி மேல் எனக்கும் ஒரு கண் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பொறாமைப்படுகிறவன் எழுதினால் மிகைப்படுத்தல் இருக்காது, அதனால் நீங்கள் தைரியமாக நம்பலாம்.

நர்மதாவுக்கு இருபத்தெட்டு வயது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அம்மா கெங்கம்மாவோடு இருக்கிறாள். கையில் ஒரு பேனா, அதற்கு ஒரு பலகை. பலகையில் கிறுக்கினால் கம்ப்யூட்டரில் படம் வருகிறது. நன்றாகவே வரைவாள். ஆனால் யாருக்கும் கலர் ஏத்த மாட்டாள். "நீங்க இன்னா கலரோ அதான் வரும். வேற கலர் வேணும்னா வேற ஆளை இட்டுகினு வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். கஸ்டமர் முறைத்தால் பாய் ஓடிவந்து பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே ஏத்திக் கொடுப்பார். பாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன். அதைப் பிடித்து இழுத்தால் முகம், பல், சட்டை, பின்னால் இருக்கிற சுவர் எல்லாம் சேர்ந்து வெளுக்கும். மாப்பிள்ளை எது, சுவர் எது என்று தெரியாமல் நானே இரண்டு பேனரை ஓரம் மாற்றி வெட்டியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயதில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு பேனர். அதை அடித்தவன் அவளை ரோஸ் மில்க் கலருக்குக் கொண்டுபோயிருந்தான். தாய்மாமன் சீர்த்தட்டு, மேளம், இருபது பேர் சகிதம் ஊர்வலமாக வந்தார். பேனரை அண்ணாந்து பார்த்தார். "இது நம்ம பொண்ணு இல்லடா, மண்டபம் மாறிக்கீது" என்று மொத்த கும்பலையும் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவில் நடந்த யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்குள் நுழைந்துவிட்டார். அங்கே பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இங்கே இவள் மாலையோடு ஒன்றரை மணி நேரம் மணையில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் சிரிச்சாங்க ஜெரிண்ணா. நான் மட்டும் அந்த பேனரையே பாத்துகினு குந்திகினு இருந்தேன். அவ்ளோ அழகா கீறவ நம்ம பொண்ணா இருக்க மாட்டான்னு எங்க மாமனே நெனச்சிட்டாருல்ல" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவளுக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. கம்ப்யூட்டரில் வரைகிற படம் வழவழவென்று இருக்கும். அதில் கையால் வரைந்த மாதிரி ஒரு சொரசொரப்பு வர வேண்டுமென்றால் நிஜமான சொரசொரப்பைப் போட்டோ எடுத்து, படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரிப் படியவிட வேண்டும். இதற்காக எதைப் பார்த்தாலும் கிட்டே போய்ப் போட்டோ எடுப்பாள். பலாப்பழம், கோணி, காசிமேட்டில் காயும் கருவாடு, பாயின் பழைய ஸ்கூட்டர் சீட் எல்லாம் அவள் போனில் இருக்கிறது. ஒரு மத்தியானம் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒட்டி நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா எடுத்துகினு கீற?"

"துரு சார்."

துறைமுகத்து ஏரியா, சும்மா விடுவாரா? போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார்.

"இது இன்னா?"

"இட்லித் துணி சார்."

"இது?"

"எங்க வூட்டு பாத்ரூம் செவுரு."

நூற்றைம்பது படம் தாண்டியதும் அவருக்கே தலை சுற்றிவிட்டது. "ஏம்மா, ஒரு மனுசன் மூஞ்சியக் கூட எடுக்க மாட்டியா நீ?" என்று போனைத் திருப்பிக் கொடுத்து, ஜீப்பில் கிழிந்திருந்த சீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படி இருந்த நர்மதாவிடம்தான் போன வருஷம் அருள்பிரகாசம் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அண்ணன் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர், எங்கள் தெருக்காரர். முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல கறுப்பு. அவர் மனைவி பிலோமி அக்கா கொஞ்சம் வெளுப்பு. இவர்கள் கல்யாணம் நடந்தபோது போட்டோ ஸ்டுடியோக்காரன் யாரும் கேட்காமலே நெகட்டிவில் பென்சில் தீட்டி அண்ணனை வெளுப்பாக்கிவிட்டான். ஆல்பம் வந்த அன்று அக்காவின் அண்ணன் ஆன்றோ அதைத் திறந்து பார்த்து, "எங்க மாப்ள போட்டோல மட்டும்தான்பா செவப்பு" என்று ஒரு போடு போட்டார். வீடே சிரித்தது. ஆன்றோவுக்கு வாழ்க்கையில் தோன்றிய நகைச்சுவை அது ஒன்றுதான் போலிருக்கிறது. அன்று முதல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மாதா திருவிழா, ஞானஸ்நானம் என்று எதற்கு வந்தாலும் அண்ணன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கல்யாணப் போட்டோவைக் காட்டி அதையே சொல்வார். அண்ணனும் கூடவே சிரிப்பார். நானும் பல தடவை சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

முப்பதாவது கல்யாண நாள் வந்தது. அண்ணன் கடைக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, நர்மதாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். போன கிறிஸ்துமஸில் எடுத்த போட்டோ ஒன்றைக் காட்டினார். வீட்டு சோபாவில் அவரும் அக்காவும். அக்கா அரக்குப் பட்டு, அவர் வெள்ளைச் சட்டை.

"இத்த பெயிண்டிங் மாதிரி பெர்சா போட்டுக் குடும்மா. பங்கு ஹால்ல எல்லாரும் வருவாங்க. பிலோமி வூட்டு ஆளுங்க மொத்தமும் வரும். அங்க தொறந்து வெக்கணும். அப்பால அந்தப் பழைய போட்டோவ கயட்டிட்டு அதே ஆணில இத்த மாட்டணும்." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "எனக்கு இன்னா கலரோ அத்தப் போடு. ஒரு புள்ளி ஏறவும் வாணாம், எறங்கவும் வாணாம். வெயில்ல கறுத்தவன் இல்லமா நான். பொறந்ததே இப்டிதான்."

நர்மதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு கஸ்டமருக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று அவள் முகமே சொன்னது.

பாய்க்கு மட்டும் பயம். எங்கள் கடையில் யாரும் இவ்வளவு பெரிய கேன்வாஸ் கேட்டதில்லை. "தோ பாரு நர்மதா, கலரு சரியில்லன்னு இது திரும்பி வந்துச்சுன்னு வெச்சுக்க, அன்னிலேர்ந்து வர்ற அத்தினி மூஞ்சிக்கும் நீதான் கலர் ஏத்துற. எதிர்த்துப் பேசக் கூடாது" என்றார்.

"வரலன்னா?"

"வரலன்னா இந்தக் கடையில கலர் ஏத்துற வேலையே கெடயாது. நானே போர்டு எழுதி மாட்டுறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மூஞ்சி வரும் எங்களுக்கு.

எட்டு நாள் வரைந்தாள். அண்ணன் தினமும் பதினோரு மணிக்கு வந்து, ஏசியில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு தூங்கிவிடுவார். எட்டாம் நாள் எழுப்பிக் காட்டினாள். கலர் அச்சு அசல். ஆனால் அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கலரு ஓகேமா. ஆனா பிளாஸ்டிக் கொடம் கணக்கா கீறேனே."

உண்மைதான். அடிகுழாய் வரிசையில் வைத்த புதுக் குடம் மாதிரி மினுமினுவென்று இருந்தார். அக்காவும் ஒரு குடம்.

நர்மதா தன் பொக்கிஷத்தைத் திறந்தாள். முதலில் எண்ணூர் கன்டெய்னர் துருவைத் தூக்கி மேலே படியவிட்டாள். சொரசொரப்பு வந்தது, கூடவே துருவின் செம்மண் கலரும் வந்தது. அண்ணன் தந்தூரி அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி ஆனார். "மசாலா கம்மியா கீது" என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் துருவை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் எடுத்த ஒரு சுண்ணாம்புச் சுவரை வைத்தாள். கலர் ஒட்டக் கூடாது என்று அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் வைத்தாள். சொரசொரப்பு அருமையாக வந்தது. ஆனால் சுவர் வெளிச்சம் இல்லையா, அந்த வெளிச்சம் முகத்திலும் ஏறிக்கொண்டது. அண்ணன் நாலு மடங்கு வெளுத்துவிட்டார். பாய் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லா, இதுதான் சோக்கா கீது, இத்தையே அடி" என்றார்.

அண்ணன் எழுந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. "இது ஆன்றோ மச்சானோட மாப்ளமா. எனக்கு வாணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று தூங்கக் கூட இல்லை.

நர்மதா அழவில்லை. ஆனால் மூக்கை அடிக்கடி உறிஞ்சிக்கொண்டு இருந்தாள். தன் பேனரை அடித்த அந்த ரோஸ் மில்க்காரன் செய்ததையே தானும் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், நாற்காலியைப் பற்றி அன்றைக்கு நினைக்கக் கூட இல்லை.

டீ ஆறுகிற வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்டுபிடித்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மேலே வைக்கிற படத்தில் வெளிச்சமான இடம் கீழே இருப்பதை வெளுக்க வைக்கும், இருட்டான இடம் கறுக்க வைக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரி பாதியில் நிற்கிற நடுச் சாம்பல் மட்டும் ஒன்றுமே செய்யாது. அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. ஆகவே சொரசொரப்பில் முதலில் கலரை எடுத்துவிட வேண்டும். அப்புறம் அதன் மொத்த வெளிச்சத்தையும் நடுச் சாம்பலுக்கு இறக்கிவிட வேண்டும். மேடு கொஞ்சம் வெளுக்கும், பள்ளம் அதே அளவுக்குக் கறுக்கும், கூட்டிப் பார்த்தால் முகம் போட்ட கலரிலேயே இருக்கும். சுவரில் அவள் முதல் வேலையைச் செய்தாள், இரண்டாவதைச் செய்ய மறந்துவிட்டாள்.

சோதனைக்கும் வழி வைத்திருந்தாள். அண்ணன் முகம் முழுவதையும் குழைத்து ஒரே கலராக்கினால் மூன்று எண் வரும். சிவப்பு 92, பச்சை 61, நீலம் 44. மேலே எதை வைத்தாலும் இந்த மூன்று எண் அசையக் கூடாது. பெரிய தாளில் எழுதி கம்ப்யூட்டர் மேல் ஒட்டினாள். பாய் அதை யாரோ கஸ்டமரின் போன் நம்பர் என்று நினைத்து ஒரு தடவை டயல் செய்து பார்த்தார்.

இனி வேண்டியது நல்ல சொரசொரப்பு ஒன்று. கோணி சரிவரவில்லை, அண்ணன் மூட்டை ஆகிவிட்டார். கருவாடு வைத்தால் செதில் முளைத்தது. பழைய எண்ணெய்ப் படங்களில் காய்ந்த பெயிண்ட் மெல்லியதாக வெடித்து, கிளை கிளையாக ஓடுமே, அந்த வெடிப்புதான் வேண்டும் என்று இரண்டு நாள் சுற்றினாள். ராயபுரத்தில் வெடிக்காத சுவர் கிடையாது, ஆனால் எல்லாம் மொத்த வெடிப்பு.

மூன்றாம் நாள் நான் நேரில் போய் அண்ணனை மறுபடி கூட்டிக்கொண்டு வந்தேன். வந்தவர் வழக்கம் போல ஏசியில் உட்கார்ந்து, எதிரில் கிடந்த ஃப்ளெக்ஸ் சுருள் மேல் இரண்டு காலையும் நீட்டித் தூங்கிவிட்டார். நான் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நர்மதா தரையில் மண்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் இடது குதிகாலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அடிப் பாவி, இன்னா பண்ற?" என்றேன்.

"இத்தப் பாருண்ணா. முந்நூறு வருஷத்து ஆயில் பெயிண்டிங்ண்ணா இது!"

பித்தவெடிப்பு என்றால் சாதாரணப் பித்தவெடிப்பு இல்லை. மெல்லிசாக, பின்னலாக, கிளை விட்டு ஓடியது. கலரை எடுத்தாள், நடுச் சாம்பலுக்கு இறக்கினாள், படத்தின் மேல் படியவிட்டாள். குடம் மறைந்தது. ஒரு பெரிய அரண்மனையில் தொங்க வேண்டிய படம் மாதிரி அண்ணனும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைக் குழைத்துப் பார்த்தாள். 92, 62, 44. பச்சையில் ஒன்று ஏறியிருந்தது. அந்த ஒன்றை இறக்க அரைமணி நேரம் போராடினாள். 92, 61, 44.

அண்ணனை எழுப்பினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விரலை நீட்டித் திரையில் தன் கன்னத்தைத் தொட்டார்.

"நான்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் போன பிறகு நர்மதா என்னிடம், "சொல்லிடலாமாண்ணா? காலுன்னு?" என்றாள்.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நான், "பைத்தியமா உனக்கு? ஆள் மேல கால் பட்டாலே தொட்டுக் கும்புடுற ஜனம் நாம. நீ அக்கா மூஞ்சிலயும் அவரு காலப் போட்டு வெச்சிக்கீற. பேசாம இரு" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மோசமான யோசனைகளில் இது மூன்றாவது இடம் பிடிக்கும்.

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். அக்கா வீட்டுக் கும்பல் மட்டும் ஐம்பது பேர். ஆன்றோ முன்வரிசையில், தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி, துணியை விலக்கினார். கேன்வாஸ் வெளிப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் புது ஷூ போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆன்றோவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆன்றோ வாயைத் திறந்தார்.

அதற்குள் பிலோமி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய்விட்டார். மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். அண்ணனின் வலது கன்னத்தில் விரலை வைத்தார். கவட்டை மாதிரி பிரிகிற ஒரு வெடிப்பு அங்கே இருந்தது.

"யோவ்" என்றார் அக்கா. "இது உன் குதிகால்யா!"

அக்கா விடவில்லை. "சின்ன வயசுல கழிமுகத்துல மட்டி ஓடு கீறின இடம் இது. முப்பது வருஷமா தேங்காண்ணெயில மெழுகுவத்திய உருக்கி இந்தக் கையாலதான் தடவிகினு வர்றேன். எனக்குத் தெரியாதா?" அப்படியே பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்தார். நெற்றி நடுவில் அதே கவட்டை. "ஐயோ, என் நெத்திலயும் கீது!"

இங்கேதான் நர்மதா செய்த தப்பு வெளியே வந்தது. ஒரு குதிகால் நாலடி கேன்வாஸுக்குப் போதாது. அதனால் அதையே ஓடு பதிப்பது மாதிரி வரிசையாகப் பதித்திருந்தாள். பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு ஓடிவந்து எண்ண ஆரம்பித்துவிட்டன. "இங்க ஒண்ணு!" "சோபால ஒண்ணு!" "ஆன்ட்டி பொடவைல ரெண்டு!" மொத்தம் பதினேழு குதிகால். சாமியார் பதினெட்டாவதைக் காட்டினார், பிறகு அது சட்டைப் பட்டன் என்று தெரிந்து பின்வாங்கி, கட்லெட் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார்.

"யார் வேலை இது?" என்று ஒரு குரல் எழுந்தது. கடைசி வரிசையில் இருந்து நர்மதா எழுந்து நின்றாள். "நான்தான். அங்கிள் தூங்கும்போது எடுத்தேன். அவுருக்குத் தெரியாது" என்றாள். நான் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

நிஜமாகவே அவர் கால்தானா என்று ஒத்துப் பார்க்க வேண்டும் என்று நாலு பேர் கிளம்பினார்கள். அண்ணனை உட்கார வைத்து, புது ஷூவைக் கழற்றி, காலைத் தூக்கிக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். ஆன்றோ கண்ணைச் சுருக்கி, படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ பெரிய நீதிபதி என்ற நினைப்பு. பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"தோ பாருங்க, ஞாயத்தப் பேசுவோம். மாப்ள மூஞ்சி அப்டியே கீது. கலரெல்லாம் கரீக்டா கீது, அதுல நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா என் தங்கச்சி நெத்தில எதுக்கு அவரு காலு?"

ஒற்றைக் கால் அந்தரத்தில், ஒரு ஷூ கையில், அப்படியே இருந்தபடி அண்ணன் கேட்டார்.

"மச்சான், இப்ப இன்னா சொன்ன?"

"தங்கச்சி நெத்தில எதுக்கு…"

"அது இல்ல. அதுக்கு முன்னால."

ஆன்றோவுக்குக் குழப்பம். "கலரெல்லாம் கரீக்டா கீதுன்னு சொன்னேன்."

"இன்னொரு தபா சொல்லு மச்சான்."

"கலரு கரீக்டா கீதுபா, இன்னா இப்ப?"

அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார். காலைப் பிடித்திருந்தவர்கள் வலிக்கிறதோ என்று பயந்து கீழே விட்டுவிட்டார்கள். எனக்குப் புரிந்தது. கடைசி வரிசையில் நின்ற நர்மதாவுக்கும் புரிந்தது. அவளும் அழுதாள், அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்து யாரோ ஒரு பெரியம்மா அவளுக்கு பிரியாணி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அக்காவுக்கு அழுகையெல்லாம் வரவில்லை. "அழுதா ஆச்சா? என் நெத்தில உன் காலு கீதுல்ல, இப்ப உன் நெத்தில என் காலு வரணும். அப்பதான் கணக்கு சரி" என்று சொல்லி, செருப்பை உதறிவிட்டு, நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்தார். "தே பொண்ணு, வா, எடு."

நர்மதா ஓடிவந்து குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். அண்ணனின் குதிகாலுக்கு முப்பது வருஷம் மெழுகு தடவியவரின் குதிகால் அதைவிட மூன்று மடங்கு வெடித்துக் கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இன்னா பிலோமி இப்டி கீது?" என்றார்.

"உன் கால் உனக்குத் தெரியும். என் கால் யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா.

"ஆன்ட்டி, இது செம டெக்ஸ்ச்சர் ஆன்ட்டி" என்றாள் நர்மதா. அவளைத் திருத்த முடியாது.

திங்கட்கிழமை கேன்வாஸ் கடைக்குத் திரும்பி வந்தது. பாய் வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவி யோசித்தார். "கலரு சரியில்லன்னா வந்துச்சு? இல்லல்ல? அப்ப நான்தான் தோத்தேன்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே போர்டு எழுதி மாட்டினார். *இங்கு கலர் ஏற்றித் தரப்பட மாட்டாது.* தன் ஒற்றைப் பட்டனை இனி இழுக்க முடியாதே என்று அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். நான் அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நர்மதா இந்தத் தடவை வரிசையாகப் பதிக்கவில்லை. அக்காவின் குதிகாலைப் பல பக்கமிருந்து எடுத்திருந்தாள், ஒரு வெடிப்பு இரண்டு இடத்தில் வராது. அண்ணன் முகத்தில் அக்கா கால், அக்கா முகத்தில் அண்ணன் கால். கலரை எடுத்து, நடுச் சாம்பலுக்கு இறக்கி, படியவிட்டு, முகத்தைக் குழைத்துப் பார்த்தாள். 92, 61, 44. நான்தான் அச்சடித்தேன். வாங்கிக்கொண்டு போக வந்த அண்ணனின் விரலெல்லாம் மெழுகும் தேங்காய் எண்ணெயும் மணத்தது.

பழைய போட்டோவைக் கழற்றி அதே ஆணியில் புதுப் படத்தை மாட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று நானும் போயிருந்தேன். ஆன்றோ புதுச் சட்டை போட்டு வந்தார், சோபாவில் சாய்ந்தார், தொண்டையைச் செருமினார். "எங்க மாப்ள போட்டோல மட்டும்தான்பா…" என்று ஆரம்பித்துச் சுவரைக் கை காட்டினார். சுவரைப் பார்த்தார். சுவருக்குக் கீழே நின்ற அண்ணனைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

"கேக்கு கீதா பிலோமி?" என்றார்.